உப்புநீர்த் தொட்டிக்குப் பாசி தின்னும் நத்தை: எதை வாங்குவது, எத்தனை வாங்குவது

மீனும் பவளமும் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி தொடங்கிய ஒன்றிரண்டு மாதத்துக்குள் கண்ணாடியில் பழுப்புப் படலம் ஏறிவிடும். வெள்ளை மணல் டீத்தூள் தூவினாற்போல ஆகிவிடும். உடனே கடைக்குப் போய் "பாசி தின்னும் நத்தை ஒரு இருபது கொடுங்க" என்று கேட்பதுதான் வழக்கம். கையிருப்பில் உள்ளதைக் கடைக்காரரும் எடுத்துக் கொடுப்பார். மாதம் முடிவதற்குள் பாதி மல்லாந்து கிடக்கும், மீதி போன இடம் தெரியாது, பாசி மட்டும் வந்தபடியே இருக்கும்.

இப்படி ஆவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். தொட்டியில் இருப்பது என்ன பாசி என்று பார்க்காமலே நத்தை வாங்கிவிடுகிறோம். அதனால் பாசியிலிருந்து ஆரம்பிப்போம்.

முதலில் பாசியைப் பாருங்கள்

விரலால் தொட்டதும் மாவாகக் கலைந்து போகிற பழுப்புப் படலம் டயட்டம். புது மணலிலிருந்தும் சரியாக வடிகட்டாத தண்ணீரிலிருந்தும் வரும் சிலிகேட்டை வைத்து வளர்வது. சிலிகேட் தீரத் தீர அதுவும் அடங்கிவிடும். செரித், நெரைட், ட்ரோக்கஸ் என்ற நத்தை வகைகள் எல்லாமே இதை விரும்பித் தின்னும். ஆனால் இதற்காகவே இருபது நத்தை வாங்கினால், டயட்டம் தீர்ந்த மறுவாரமே அத்தனையும் பட்டினி.

கண்ணாடியில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வரும் மெல்லிய பச்சைப் படலம் வேறு. இது தொட்டி உள்ளவரை வரும். நத்தைக்கு அன்றாடச் சோறு இதுதான். எத்தனை நத்தை தாங்கும் என்பதை இந்தப் படலத்தின் வேகத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

முடிப் பாசி பாறையில் பச்சை நூல்போல நிற்பது. அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்போது ட்ரோக்கஸ் மேய்ந்துவிடும். இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு வளர்ந்துவிட்டால் பெரும்பாலான நத்தைகள் சுற்றிக்கொண்டு போய்விடும். நத்தையின் வாய் சுரண்டத்தான் ஏற்றது, நீளமான நூலை இழுத்து அறுக்க அதற்கு வசதியில்லை. பெரிய டர்போ நத்தை மட்டும் ஓரளவு சமாளிக்கும். ஆகவே நீண்ட முடிப் பாசியை முதலில் கையால் பிடுங்குங்கள். தண்ணீர் மாற்றும் நாளில் பாறையை ஒரு வாளி உப்புநீரில் வைத்துக் கொத்தாகப் பிடித்து இழுத்து, பல் துலக்கும் பிரஷால் தேய்த்துவிட்டுத் திரும்ப வைத்தால், மிச்சமிருக்கும் கட்டையை நத்தை பார்த்துக்கொள்ளும்.

பார்க்க முடிப் பாசி மாதிரியே இருந்து, உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு நூலும் பறவை இறகுபோலக் கிளைத்திருந்தால் அது பிரையாப்சிஸ். இதற்கு நத்தையை நம்பாதீர்கள். உருண்டை உருண்டையாகக் கண்ணாடி மணிபோல வரும் குமிழிப் பாசிக்கும் அப்படியே. எமரால்டு நண்டு வேண்டுமானால் தின்னும்.

சிவப்பு அல்லது கருஞ்சிவப்புச் சளி, பிடித்து இழுத்தால் விரிப்புபோல உரிந்து வருவது சயனோபாக்டீரியா. பெயருக்குத்தான் அது பாசி. நத்தை அதன்மேல் ஏறிப் போகும், பொருட்படுத்தித் தின்னாது. அதைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, நீரோட்டத்தைக் கூட்டி, தீனியைக் குறைப்பதுதான் வழி.

கவனமாகப் பார்க்க வேண்டியது டைனோஃபிளாஜலேட். இதுவும் பழுப்புதான், டயட்டம் என்றே தோன்றும். ஆனால் நூல்நூலாக இழையும், நுனியில் காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டிருக்கும், விளக்கு அணைந்தபின் குறைந்து காலையில் மறுபடி மண்டும். இதில் சில வகைக்கு நஞ்சு உண்டு. மேய்ந்த நத்தைகள் அசைவு குறைந்து ஒவ்வொன்றாகக் கீழே விழும். சந்தேகமிருந்தால் கொஞ்சத்தைத் தண்ணீரோடு உறிஞ்சி, மூடியுள்ள பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். காபி ஃபில்டர் காகிதத்தில் வடித்து, வடிந்த தண்ணீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். தெளிந்த தண்ணீருக்குள் மறுபடி பழுப்பு நூல் திரண்டால் டைனோ. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியத்துக்கு இறங்கிய தொட்டிகளில் இது அதிகம் வரும். அது அடங்கும்வரை ஒரு நத்தைகூட வாங்க வேண்டாம்.

பாறையில் ஊதாவும் ரோஜா நிறமுமாகக் கெட்டியாகப் படிவது கோரலைன் என்னும் சுண்ணாம்புப் பாசி. அது இருக்கட்டும், அதற்காகத்தானே கால்சியம் பார்த்துப் பார்த்து ஊற்றுகிறோம்.

ட்ரோக்கஸ்

ஒரே ஒரு வகை நத்தைதான் வாங்க முடியும் என்றால் ட்ரோக்கஸ் வாங்குங்கள். கோபுரம்போலக் கூம்பான ஓடு, அடிப்பாகம் தட்டை, வெள்ளை மேல் அரக்கு நிறச் சாய்வுக் கோடுகள். கடைக்கு வருவது பெரும்பாலும் 2 முதல் 4 சென்டிமீட்டர். இந்தியப் பெருங்கடலும் மேற்குப் பசிபிக்கும் இதன் வீடு. 25, 26 டிகிரி அதற்கு இயல்பான சூடு. கண்ணாடி, பாறை, நீரோட்டம் தரும் மோட்டாரான பவர்ஹெட்டின் முதுகு என எல்லா இடத்தையும் மேயும். நான்கைந்து ஆண்டு வாழக்கூடியது.

இதற்கு நான் முதலிடம் தருவது வேறொரு காரணத்துக்காக. மல்லாந்து விழுந்தால் தானே எழுந்துகொள்ளும். ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதலில் ஓட்டின் வாயை அடைத்திருக்கும் மூடி மெல்லத் திறக்கும். பாதம் ஓட்டைவிட நீளமாக வெளியே வந்து, இப்படியும் அப்படியும் தடவி, மணலிலோ பாறையிலோ ஒரு பிடி தேடும். பிடி கிடைத்ததும் உடம்பை முறுக்கி ஓட்டை ஒரே சுண்டில் திருப்பும். மணல் போட்ட தொட்டியில் நத்தை உயிரோடு இருப்பதா சாவதா என்பதை இந்த ஒரு திறமைதான் தீர்மானிக்கிறது.

தொட்டியிலேயே குஞ்சும் பொரிக்கும். ஆண் கண்ணாடியின் மேற்பக்கம் ஏறி நின்று விந்தை வெண்புகைபோல விடும், பெண் முட்டைகளைத் தண்ணீரில் தூவும். தொட்டி சில மணி நேரம் பால் கலந்ததுபோலக் கலங்கும். பதறித் தண்ணீரை மாற்ற வேண்டாம். அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் பொங்கினால் கொஞ்சம் தாழ்த்தி, காற்றுக் கல் ஒன்றைப் போட்டு, புதுக் கார்பன் வையுங்கள், போதும். சில வாரம் கழித்து இரவில் டார்ச் அடித்தால், கடுகு அளவில் கோடு போட்ட குட்டிக் கூம்புகள் கண்ணாடியில் தெரியலாம்.

ஒரு எச்சரிக்கை. ட்ரோக்கஸ் நைலோட்டிகஸ் என்ற பெரிய இனம் 10 சென்டிமீட்டரைத் தாண்டி வளர்வது. பளபளக்கும் ஓட்டில் பொத்தான் செய்வதற்காக அந்தமானில் வாரி எடுக்கப்பட்டது. இதுவும் டர்போ மார்மொரேட்டஸ் என்ற பச்சை நத்தையும் 2001-ல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்ந்தன. கடலிலிருந்து எடுத்த இவற்றை யார் விற்றாலும் வாங்கக்கூடாது. கடைக்காரரிடம் எந்த இனம், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் வாங்குவதைவிட, தொட்டியில் குஞ்சு பொரித்து வைத்திருக்கும் இன்னொரு ஆர்வலரிடம் நாலு வாங்கிக்கொள்வது எல்லா விதத்திலும் நல்லது. கூடுதல் நன்மை, அது நம் ஊர்த் தொட்டித் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தது.

டர்போவும் அதன் பெயரில் வருபவையும்

கடைகளில் உருண்டையாக இருக்கும் எதற்கும் டர்போ என்றே பெயர் வைத்துவிடுகிறார்கள். அசல் டர்போவை மூடியை வைத்து அடையாளம் காணலாம். ட்ரோக்கஸின் மூடி மெல்லியது, பழுப்பு நிறம், நகம் மாதிரி வளையும். டர்போவின் மூடி வெள்ளைச் சுண்ணாம்புக் கல், குவிந்த பொத்தான்போல இருக்கும். பூனைக்கண் என்று நகையில் பதிப்பது இந்தக் குடும்பத்து மூடிகளைத்தான்.

டர்போ பெருந்தீனிக்காரன். முடிப் பாசி மண்டிய பாறையில் ஒன்றை விட்டால் இரண்டு நாளில் அது போன தடம் வெள்ளையாகத் தெரியும். அதே வலுவோடு ஒட்டாத பவளத் துண்டுகளையும் தள்ளிக்கொண்டு போகும். பசை போட்டு நிறுத்தாத எதுவும் காலையில் மணலில் கிடக்கும். 200 லிட்டருக்குக் குறைந்த தொட்டிக்கு இது தேவையில்லை, அதற்கு மேலும் ஒன்று போதும்.

உலகச் சந்தையில் அதிகம் விற்கும் மெக்ஸிகன் டர்போ கலிபோர்னியா வளைகுடாவைச் சேர்ந்தது. அது 22, 23 டிகிரியில் நன்றாக இருக்கும். நம் தொட்டிகளின் 27 டிகிரியில் முதலில் சுறுசுறுப்பாக மேய்ந்து, சில மாதங்களில் சோர்ந்து விழும். மார்கரிட்டா என்றும் சில நேரம் ட்ரோக்கஸ் என்றும் பெயர் சொல்லி வரும் மங்கிய கறுப்பு உருண்டை நத்தை டெகுலாவாக இருக்கும். அது குளிர்கடல் உயிர். எந்த விலைக்குக் கிடைத்தாலும் வெப்பக்கடல் தொட்டிக்கு வேண்டாம், மெல்ல மெல்லச் சாகடிக்கத்தான் வாங்குவோம்.

கரீபியனிலிருந்து வரும் அஸ்ட்ரியா நன்றாக மேயும், சூட்டையும் தாங்கும். ஆனால் கூரான கூம்பு ஓடு. மணலில் மல்லாந்தால் பாதத்தை எவ்வளவு நீட்டினாலும் எழ முடியாது. தினமும் ஒருமுறை பார்த்து நிமிர்த்திவிட ஆள் இருந்தால் மட்டும் வாங்கலாம்.

சின்னவர்கள்

செரித் திருகாணிபோல நீண்ட, 2 அல்லது 3 சென்டிமீட்டர் நத்தை. பகலில் மணலுக்குள் இருக்கும், விளக்கணைந்ததும் வெளியே வரும். மணல் மேல் டயட்டம், பாறையும் மணலும் சேரும் மூலையில் தேங்கும் தீனி மிச்சம் இரண்டையும் சுத்தம் செய்ய இதைவிட நல்ல ஆள் கிடையாது. பெரிய நத்தை நுழையாத சந்துக்கெல்லாம் போகும். கண்ணாடியில் வெள்ளை நூலை நெளித்து ஒட்டினமாதிரி ஒரு கோலம் தெரிந்தால், அது இதன் முட்டை. பெரும்பாலும் மீனும் இறாலும் தின்றுவிடும்.

நெரைட் அலையடிக்கும் பாறையில் வாழ்வது. கண்ணாடியைத் துடைத்ததுபோல ஆக்கும். பழக்கம் விடாமல் நீர்மட்டத்துக்கு மேலே ஏறும். மூடியில்லாத தொட்டியென்றால் தரையில் காய்ந்து கிடக்கும், ஆகவே வலை மூடி அவசியம். எள் அளவு வெள்ளைப் புள்ளிகளாகப் பாறையெங்கும் முட்டையும் ஒட்டும். அவை தொட்டியில் குஞ்சாகி வளர்வதில்லை, சுரண்டினாலும் எளிதில் போவதில்லை. அதைப் பார்க்கப் பிடிக்காதவர்கள் இதைத் தவிர்த்துவிடலாம். நன்னீர்த் தொட்டிக்காக விற்கும் நெரைட் இனங்கள் வேறு, கடையில் எந்தத் தண்ணீரில் இருந்தது என்று பார்த்து வாங்குங்கள்.

நாசாரியஸ் பாசி தின்னாது. அதை வாங்கச் சொன்னவர்கள் அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். தீனி போட்டதும் மணலிலிருந்து குழலை நீட்டிக்கொண்டு எழுந்து வரும் பிணந்தின்னி அது. விழுந்த தீனிக்கும் செத்த மீனுக்கும் இரண்டு மூன்று வைக்கலாம், பாசிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உயிர்கள் ஒட்டிய கடல் பாறையான லைவ் ராக்கோடு, தட்டையான காது வடிவ ஓடு கொண்ட, வேகமாக நகரும் கறுப்பு நத்தை வந்திருந்தால், அதை விரட்டாதீர்கள். ஸ்டோமடெல்லா அது. பிடித்தால் வாலை உதறிவிட்டு ஓடும். தானே பெருகும், தானே பாசி தின்னும், பைசா செலவில்லை.

சோழியும் ஒரு நல்ல தேர்வு என்பது பலருக்குத் தெரியாது. பல்லாங்குழியில் போட்டு ஆடிய அதே சிறிய மஞ்சள் சோழி உயிரோடு இருக்கையில் பாசி தின்னும். இரவில் மேலங்கிபோன்ற தசையால் ஓட்டை முழுக்க மூடிக்கொள்வதால்தான் ஓட்டின் மேல் அந்தப் பளபளப்பு. 3 சென்டிமீட்டர் அளவுள்ள மஞ்சள் சோழி மட்டும்தான் இதற்கு ஏற்றது. மற்ற சோழிகளில் பல கடற்பஞ்சையும் மென்பவளத்தையும் தின்பவை.

ஓட்டின் வாயைத் திருப்பிப் பாருங்கள்

தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பாறைகளில் டர்போ ப்ரூனியஸ், ட்ரோக்கஸ் ரேடியேட்டஸ், நெரைட்டா எல்லாம் சாதாரணமாகத் தென்படும். "அதையே எடுத்து வந்து விட்டால் என்ன" என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் நடுவே உள்ள 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே ஒரு ஓட்டைக்கூட எடுக்கக்கூடாது. மற்ற கரைகளில் இன்னொரு சிக்கல். பாசி தின்னும் நத்தை இருக்கும் அதே பாறையில், சிப்பியைத் துளையிட்டுத் தின்னும் தாய்ஸ் போன்ற வேட்டை நத்தையும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஓட்டைத் திருப்பி வாயைப் பாருங்கள். டர்போ, ட்ரோக்கஸ், நெரைட் மூன்றுக்கும் வாய் விளிம்பு முழுசாக, வட்டமாகவோ அரைவட்டமாகவோ இருக்கும். மோப்பம் பிடித்து இரை தேடும் நத்தைக்கு மூக்குக் குழல் நீட்ட ஓர் இடம் வேண்டும். அதனால் அதன் வாயின் ஒரு முனையில் வெட்டுப் பள்ளமோ சின்னக் கால்வாயோ இருக்கும். பள்ளம் இருந்தால் பாசிக்காக வாங்காதீர்கள். செரித், சோழி, சங்கு வகையான ஸ்ட்ராம்பஸ் மூன்றும் பள்ளம் இருந்தும் பாசி தின்பவை, இவற்றைப் பார்த்தே அடையாளம் தெரிந்துகொள்ளலாம். கூம்பைத் தலைகீழாக நிறுத்தினாற்போல, நீண்டு ஒடுங்கிய வாயோடு அழகான வண்ணக்கோலம் போட்ட ஓடு என்றால் கையே வைக்காதீர்கள். கூம்பு நத்தையின் கொட்டு மனிதரைக் கொல்லக்கூடியது.

வாங்கும்போது ஓட்டு விளிம்பையும் பாதத்தின் ஓரத்தையும் உற்றுப் பாருங்கள். பச்சரிசி நொய் அளவில் வெள்ளை நத்தைகள் கொத்தாக ஒட்டியிருந்தால் அவை பிரமிடெல்லிட், நத்தையின் உடம்புச் சாற்றை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி. அந்த நத்தையை வாங்காதீர்கள். ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதென்றால், தனிக் கிண்ணத்து உப்புநீரில் பிரஷால் தேய்த்து நீக்கி, ஒரு வாரம் தினமும் இரவில் திரும்பப் பார்க்க வேண்டும்.

கடைத்தொட்டியில் நத்தை கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். தொட்டால் சுருங்க வேண்டும். பிடித்து நேராக இழுக்காதீர்கள், பாதம் கிழியும். பக்கவாட்டில் மெதுவாக நகர்த்தினால் பிடி விடும். மணலில் மல்லாந்து கிடப்பதைக் "காலையில சரியாயிடும்" என்று சொல்லிக் கொடுத்தால் வாங்க வேண்டாம்.

எத்தனை

நான்கு லிட்டருக்கு ஒரு நத்தை என்று ஒரு பழைய கணக்கு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. விற்பவருக்கு நல்ல கணக்கு அது. 200 லிட்டர் தொட்டிக்கு அதன்படி 50 நத்தை வரும். அதில் குறைந்தது முப்பது பட்டினி கிடக்கும்.

200 லிட்டருக்கு 4 ட்ரோக்கஸ், 6 செரித், விரும்பினால் 2 நெரைட். 60 லிட்டருக்கு 2 ட்ரோக்கஸ், 3 செரித். இதோடு நிறுத்தி நான்கு வாரம் பாருங்கள். கண்ணாடி துடைக்கும் வேலை வாரத்துக்கு மூன்று முறையிலிருந்து ஒன்றாகக் குறைந்தால் எண்ணிக்கை சரி. குறையவே இல்லை என்றால் இரண்டு சேர்க்கலாம். அப்படியும் பாசி வென்றால் நத்தை போதாமையால் அல்ல, உரம் மிஞ்சியதால்.

நத்தை பாசியைத் தின்று எச்சமாக விடுகிறது. அதிலிருக்கும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தொட்டியை விட்டு எங்கும் போவதில்லை. ஆர்ஓ தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்த உப்புகளின் அளவு, 10-க்கு மேல் ஏறியிருந்தால் ஆர்ஓ கருவியின் மெம்பிரேனையும், மிச்ச உப்பை உறிஞ்சும் டிஐ பிசினையும் பாருங்கள். விளக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். உறைந்த தீனியை உருக்கிய தண்ணீரோடு அப்படியே ஊற்றாமல் வடிகட்டிப் போடுங்கள். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் என்ற அளவில் நின்றால் நத்தை தன் வேலையைச் செய்யும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் மூன்றரை மணி நேரம்

வாங்கிய ஒரு வாரத்துக்குள் சாகும் நத்தைகளில் பல உப்பின் மாற்றத்தால் சாகின்றன. மீன் தன் உடம்பின் உப்பைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். நத்தைக்கு அது இயலாது; வெளித் தண்ணீரின் உப்பு எவ்வளவோ அவ்வளவுதான் அதன் உடம்பிலும். செலவு குறைக்கக் கடைகளில் பெரும்பாலும் உப்பைத் தாழ்த்தி வைப்பார்கள். நம் பவளத் தொட்டியிலோ உப்பு ஆயிரத்துக்கு 35. கடையில் தந்த பைக்கும் தொட்டிக்கும் ஆயிரத்துக்கு ஐந்து வித்தியாசம் என்றால், அப்படியே தூக்கிப் போட்ட நத்தை இரண்டு நாள் மூடியைத் திறக்காமல் இருந்து சாகும்.

ஆகவே பையைப் பிரித்ததும் முதல் வேலை உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பைத்தண்ணீரை அளப்பது. பை 30, தொட்டி 35 என்று வைத்துக்கொள்வோம். பையில் அரை லிட்டர் தண்ணீர். சின்ன வாளியில் நத்தையோடு ஊற்றி, காற்றுக்குழாயில் முடிச்சுப் போட்டு நொடிக்கு இரண்டு சொட்டாகத் தொட்டித் தண்ணீரை விடுங்கள். இருபது சொட்டு ஒரு மில்லி. அப்படியென்றால் நிமிடத்துக்கு 6 மில்லி, அரை லிட்டர் சேர ஏறக்குறைய 80 நிமிடம். இப்போது வாளி 32.5. பாதியைக் கொட்டிவிட்டு இன்னொரு அரை லிட்டர் விட்டால் 33.75. மறுபடி பாதியைக் கொட்டிவிட்டு, அடுத்த சுற்றை வேகம் இரட்டித்து விடலாம், 34.4 வரும், அது போதும். வாளித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். நத்தையை மட்டும் எடுத்து, பாறைமேல் பாதம் கீழே இருக்கும்படி வையுங்கள். மேலிருந்து போட்டால் மல்லாந்து விழும், களைத்த நத்தைக்கு எழத் தெம்பிருக்காது.

மீன்நோய்க்குத் தாமிர மருந்து ஊற்றிய தொட்டியில் நத்தை வேண்டாம். தாமிரம் பாறையிலும் மணலிலும் ஊறி மாதக்கணக்கில் கசியும், நத்தைக்கு மிகச் சிறிய அளவே எமன். மறுபக்கம், மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் தரும் ஒட்டுண்ணி, கூடு கட்டியிருக்கும் பருவத்தில் நத்தையோட்டிலும் ஒட்டிக்கொண்டு வரும். விலை உயர்ந்த மீன் வைத்திருப்பவர்கள் மீனில்லாத தனித் தொட்டியில் 76 நாள் வைத்துப் பிறகு சேர்ப்பது இதனால்தான்.

சித்திரை வெயில்

சென்னையிலும் மதுரையிலும் ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத தொட்டி 30 டிகிரியைத் தொடும். ட்ரோக்கஸும் செரித்தும் 28 வரை வருந்தாது. அதற்கு மேல் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், நத்தைகள் நீர்மட்டத்தை ஒட்டிக் கூடும். சில்லருக்கு வழியில்லாதவர்கள் நீர்மட்டத்தின்மேல் மின்விசிறி வைப்பார்கள். இரண்டு மூன்று டிகிரி குறையும், கூடவே தண்ணீரும் ஆவியாகும், உப்பு மட்டும் தங்கிவிடும். 200 லிட்டரில் நாளுக்கு 4 லிட்டர் போனால், மூன்று நாள் ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் 35 என்பது 37-ஐத் தாண்டியிருக்கும். போன தண்ணீரை உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரால் தினமும் காலை மாலை ஈடுகட்டுங்கள். மூன்று நாள் பாக்கியை ஒரே குடத்தில் ஊற்றினால், அந்த இறக்கமும் நத்தையைத்தான் முதலில் அடிக்கும். மிதவை வால்வோ தானியங்கி டாப்-அப்போ வைத்துவிட்டால் இந்தக் கவலை இல்லை.

ஓட்டின் உச்சி வெள்ளையாகச் சுண்ணாம்பு உதிர்வதுபோல அரித்திருந்தால், தண்ணீர் அமிலத்தைத் தாங்கும் திறனான அல்கலினிட்டியும் பிஎச்சும் தாழ்ந்திருக்கின்றன. கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், அல்கலினிட்டி 8 முதல் 9 டிகேஎச் (அதன் அலகு) என்று பிடித்து வைத்தால் விளிம்பில் புது ஓடு நிறம் மாறி வளர்வதைப் பார்க்கலாம்.

பாசி தீர்ந்த பிறகு

இரவில் டார்ச் வெளிச்சத்தில் கண்ணாடிப் பக்கமிருந்து நத்தையின் வாயைப் பாருங்கள். உதடு விரியும், உள்ளிருந்து அரம்போன்ற நாக்கு வந்து ஒரு தடவு தடவி மடங்கும், தலை ஒரு இம்மி நகரும், மறுபடி விரியும். போன வழியெல்லாம் பச்சைப் படலத்தில் நெளிநெளியாகக் கோலம் விழுந்திருக்கும். அந்தக் கோலம்தான் நத்தை வயிறார உண்கிறது என்பதற்கு அடையாளம். கண்ணாடி வாரக்கணக்கில் பளிங்காக இருந்து, நத்தைகள் ஓரிடத்திலேயே நின்றுவிட்டால் பசிதான்.

உப்பும் எண்ணெயும் சேர்க்காத நோரி என்னும் காய்ந்த கடற்பாசித் தாளில் தீப்பெட்டி அளவு துண்டை ரப்பர் பேண்டால் ஒரு சிறு கல்லில் கட்டி, விளக்கு அணைந்தபின் நத்தைக்குப் பக்கத்தில் வையுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை போதும். மறுநாள் மாலைக்குள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். பின்பக்கக் கண்ணாடியைத் துடைக்காமல் விட்டுவிடுவது அதைவிட எளிது, அது அவற்றின் மேய்ச்சல் நிலம்.

காலி நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும் ஹெர்மிட் நண்டு இருக்கும் தொட்டியில் காலி ஓடுகளை அளவுவாரியாக ஏழெட்டுப் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் ஓட்டுக்காக நத்தையைக் கொல்லும். பஃபர், ட்ரிக்கர் மீன்கள் இருக்கும் தொட்டியில் நத்தை அவற்றுக்கு உணவு. காலி ஓட்டுக்குள் ப்ரிஸில் புழு இருப்பதைப் பார்த்து அதுதான் கொன்றது என்று பலர் நினைக்கிறார்கள். செத்ததைத் தின்ன வந்த புழு அது, நன்மைதான் செய்கிறது.

இரண்டு நாளாக நகராத நத்தையை எடுத்து மூடியை விரல் நுனியால் தொடுங்கள். உள்ளே இழுத்துக்கொண்டால் உயிர் இருக்கிறது, திரும்ப நிமிர்த்தி வையுங்கள். தொட்டும் அசையாமல் சதை தளர்ந்து தொங்கினால் முகர்ந்து பாருங்கள். செத்த நத்தையின் நாற்றத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. உடனே வெளியே போடுங்கள். 60 லிட்டர் தொட்டியில் ஒரு பெரிய நத்தை பாறைக்குப் பின்னால் அழுகினால் அன்றிரவே அம்மோனியா ஏறும். அதனால் வாரம் ஒருமுறை, விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சோடு நத்தைகளை எண்ணிவிடுங்கள். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் முதலில் தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியையும், கீழ்த்தொட்டியான சம்ப்பின் வடிகட்டிப் பையையும் பாருங்கள், பாதி நேரம் அங்கேதான் இருக்கும்.